சகப்பிணைப்பு அணுக்களின் ஆசையால் உண்டாவதன்று: வேதியியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி வேதியியல் பாடநூல்களை எழுதுவோருக்கும், அவற்றைச் சரிபார்த்து ஒப்புதல் வழங்கும் வல்லுநர் குழுவினருக்கும்,

வணக்கம்.

நெடுங்காலமாக வேதியியல் கற்பித்துவரும் ஓர் ஆசிரியரின் வேண்டுகோள் இது. வேதிப்பிணைப்பு பற்றிய அத்தியாயத்தில் வரும் ஒரு கூற்றைக் குறித்தே உங்களுக்கு எழுதுகிறேன். “அணுக்கள் தம் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்களைப் பெற்று நிலைத்தன்மை அடைய விரும்புகின்றன; அதற்காகத் தம் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு சகப்பிணைப்பை உருவாக்குகின்றன” என்பதே அந்தக் கூற்று. சொற்கள் முன்பின்னாக மாறினாலும், நான் வகுப்பில் கையாண்ட நூல்கள் அனைத்திலும் இக்கருத்து ஏதேனும் ஒரு வடிவில் இருந்திருக்கிறது. நானும் அதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்; மாணவர்கள் அதைத் தேர்வுத்தாளில் அப்படியே எழுதி முழு மதிப்பெண் பெற்றிருக்கிறார்கள். அந்தக் கூற்றை எடுத்துவிட்டு, பிணைப்பு ஏன் உண்டாகிறது என்பதற்கான உண்மையான காரணத்தை அந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

என்னை இதை எழுதத் தூண்டியது ஒரு மாணவியின் கேள்வி. ஹைட்ரஜன் மூலக்கூற்றின் புள்ளி வாய்ப்பாட்டைக் கரும்பலகையில் வரைந்து, இரண்டு எழுத்துகளுக்கும் நடுவே இரண்டு புள்ளிகளை வைத்து முடித்தபோது அவர் எழுந்து கேட்டார்: “எலக்ட்ரான்கள் இரண்டுக்கும் எதிர்மின்சுமை என்றால் அவை ஒன்றையொன்று விலக்க வேண்டும் அல்லவா? ஒன்றையொன்று விலக்குகிற இரண்டு துகள்கள் நடுவில் வந்து நின்றால் அணுக்கள் எப்படி ஒட்டிக்கொள்ளும்?” ஹைட்ரஜன் இரண்டு எலக்ட்ரான் அமைப்பைப் பெற்று ஹீலியத்தைப் போல நிறைவடைவதற்காகத்தான் என்று பதில் சொன்னேன். அவர் அமர்ந்துவிட்டார். ஆனால் அவர் கேட்டது, அணுக்களை ஒட்டவைக்கும் விசை எது என்று. நான் சொன்னதோ, ஒட்டிய பிறகு எலக்ட்ரான்களின் எண்ணிக்கை எவ்வளவு என்று. எண்ணிக்கை எந்தப் பொருளையும் இழுத்துப் பிடிப்பதில்லை. அந்த இடைவெளியை நான் உணர வெகுநாள் ஆயிற்று. இன்றைய பாடநூலில் அந்த மாணவி தேடினாலும் அவர் கேள்விக்கு விடை கிடைக்காது என்பதுதான் என் வருத்தம்.

விடை கடினமானதன்று. தொலைவில் இருக்கும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை மெல்ல நெருங்கவிடுவோம். ஒவ்வோர் அணுவிலும் நேர்மின்சுமை கொண்ட ஒரு கருவும், அதைச் சூழ்ந்து மேகம்போல் பரவிய ஓர் எலக்ட்ரானும் உள்ளன. நெருங்க நெருங்க, முதல் அணுவின் எலக்ட்ரானை இரண்டாம் அணுவின் கருவும் இழுக்கத் தொடங்குகிறது. இரண்டாம் அணுவின் எலக்ட்ரானை முதல் கரு இழுக்கிறது. கருவும் கருவும், எலக்ட்ரானும் எலக்ட்ரானும் ஒன்றையொன்று விலக்குவதும் உண்மையே. மாணவி சொன்னது சரிதான். ஆயினும் எலக்ட்ரான் மேகங்கள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து இரு கருக்களுக்கும் இடைப்பட்ட வெளியில் அடர்த்தி கூடும்போது, அங்குள்ள எதிர்மின்சுமை இரு கருக்களையும் ஒரே வேளையில் தன்பால் ஈர்த்துக்கொள்கிறது. கவர்ச்சி விலக்கலை விஞ்சுகிறது; அமைப்பின் மொத்த ஆற்றல் இறங்கிக்கொண்டே வருகிறது. கருக்களுக்கிடையே 74 பிகோமீட்டர் தொலைவு இருக்கும்போது அது மிகத் தாழ்ந்த நிலையை அடைகிறது. ஒரு பிகோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. அதற்குமேல் நெருக்கினால் கருக்களின் விலக்கல் மேலோங்கி ஆற்றல் செங்குத்தாக ஏறிவிடுகிறது. அந்தத் தாழ்ந்த இடத்தில்தான் மூலக்கூறு அதிர்ந்தபடி நிற்கிறது. அதற்குப் பெயர்தான் பிணைப்பு நீளம். அங்கிருந்து அணுக்களை மீண்டும் முழுவதும் பிரிக்க ஒரு மோலுக்கு (மூலக்கூறுகளை எண்ண வேதியியலில் வழங்கும் அளவு) 436 கிலோஜூல் செலவாகும். அதற்குப் பெயர்தான் பிணைப்பு ஆற்றல். இடப்பக்கம் செங்குத்தாகவும் வலப்பக்கம் சாய்வாகவும் ஏறும் ஒரு பள்ளத்தின் படம் இத்தனையையும் ஒரே பார்வையில் காட்டிவிடும். மேல்நிலை வகுப்பில் ஏதோ ஒரு மூலையில் அறிமுகமாகும் அந்தப் படம், பிணைப்பு என்ற சொல் முதன்முதலில் வரும் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.

இந்தப் பள்ளத்தில் விருப்பத்துக்கு இடமில்லை என்பதற்கு வலுவான சான்று ஒன்று உண்டு. வெற்றிடத்தில் இரண்டு தனி ஹைட்ரஜன் அணுக்கள் மோதினால் அநேகமாக அவை இணைவதில்லை. வந்த வேகத்திலேயே பிரிந்து போய்விடுகின்றன. பள்ளத்துள் இறங்கும்போது விடுபடும் ஆற்றலை எடுத்துச் செல்ல மூன்றாவது துகளோ ஒரு பரப்போ அருகில் இல்லையென்றால், அதே ஆற்றல் அவற்றை மறுபடியும் மேலேற்றி வெளியே தள்ளிவிடுகிறது. விண்மீன்களுக்கிடையே உள்ள வெளியில் ஹைட்ரஜன் மூலக்கூறுகள் பெரும்பாலும் தூசித் துகள்களின் பரப்பில் உருவாவதற்கு இதுவே காரணம். அணுக்கள் நிறைவை நாடி இணைகின்றன என்றால், ஓர் எலக்ட்ரான் குறைவாக உள்ள இவ்விரு அணுக்களும் சந்தித்த கணமே இணைந்திருக்க வேண்டும்.

ஆற்றல் வெளிவருவதைக் கண்ணால் காட்டும் எடுத்துக்காட்டும் இருக்கிறது. டங்ஸ்டன் மின்முனைகளுக்கிடையே எரியும் மின்வில்லின் ஊடே ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் மூலக்கூறுகள் தனித்தனி அணுக்களாகப் பிளக்கின்றன. அவ்வணுக்கள் ஓர் உலோகப் பரப்பைத் தொட்டவுடன் மீண்டும் இணைந்து, பிளவுக்காகச் செலவான ஆற்றலை அங்கே வெப்பமாகக் கொட்டுகின்றன. உலோகங்களைப் பற்றவைக்கும் ஒரு முறையாகவே இதை வளர்த்தெடுத்தவர் இர்விங் லாங்மியூர். சகப்பிணைப்பைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் ஆங்கிலச் சொல்லை 1919-இல் ஆக்கித் தந்தவரும் அவரே. பெயரைத் தந்தவரின் கையிலேயே பிணைப்பின் ஆற்றல் தீப்பிழம்பாக வெளிப்பட்டிருக்க, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு பிழம்பை நம் நூல்கள் விட்டுவிட்டன.

உங்கள் கவனத்துக்கு நான் முதன்மையாகக் கொண்டுவர விரும்புவது ஹைட்ரஜன் மூலக்கூறு அயனியை. ஹைட்ரஜன் மூலக்கூற்றிலிருந்து ஓர் எலக்ட்ரானை நீக்கிவிட்டால் எஞ்சுவது இரண்டு கருக்களும் ஒரே ஒரு எலக்ட்ரானும். சோடி இல்லை, நிறைவு இல்லை, பகிர்ந்துகொள்ள இரண்டாவது பங்காளியிடம் ஒன்றுமே இல்லை. பாடநூலின் விளக்கப்படி இது உடனே சிதறிப்போக வேண்டும். ஆனால் அது சிதறுவதில்லை. கருக்கள் 106 பிகோமீட்டர் இடைவெளியில் பிணைந்தே நிற்கின்றன. பிரிக்க ஒரு மோலுக்கு ஏறத்தாழ 255 கிலோஜூல் தேவைப்படுகிறது. ஓர் எலக்ட்ரான் இரண்டு கருக்களால் ஒருசேர ஈர்க்கப்படுவதே பிணைப்பின் உயிர்நாடி என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

அடுத்து அந்த மாணவியின் கேள்விக்கு எண்களிலேயே விடை வருகிறது. ஓர் எலக்ட்ரான் 255 கிலோஜூல் அளவுக்குப் பிணைக்கிறது என்றால், அதே நிலைக்கு வரும் இரண்டாவது எலக்ட்ரானும் அதே அளவு சேர்த்தால் 510 வர வேண்டும். வருவதோ 436. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதற்கான விலை அந்தக் குறைவில் தெரிகிறது. ஆக, விலக்கல் மறைந்துபோகவில்லை. விலையைக் கொடுத்த பின்னும் இலாபம் மிஞ்சுகிறது, அவ்வளவுதான். எலக்ட்ரான்கள் சோடி சேர்வது ஒன்றன்மேல் ஒன்றுக்கு உள்ள ஈர்ப்பால் அன்று. ஒரே ஆர்பிட்டாலில், அதாவது எலக்ட்ரான் மேகம் கொள்ளும் ஒரே நிலையில், எதிரெதிர்த் தற்சுழற்சி கொண்ட இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கலாம், மூன்றாவதற்கு இடமில்லை என்பது 1925-இல் உல்ஃப்காங் பவுலி கண்ட தவிர்ப்பு விதி. அந்தத் தாழ்ந்த நிலையில் இரண்டுக்கு இடம் உண்டு என்பதால் இரண்டு வருகின்றன. மூன்றாவது எலக்ட்ரான் வந்தால் அது எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்கே போக வேண்டும். அங்கே கருக்களுக்கு நடுவே அடர்த்தி குறைந்து, பிணைப்பு தளர்கிறது. இரண்டு ஹீலியம் அணுக்கள் சேர்ந்தால் நான்கு எலக்ட்ரான்கள். இரண்டு கட்டியதை மற்ற இரண்டு அவிழ்த்துவிடுவதால் சகப்பிணைப்பு உருவாவதில்லை. ஹீலியம் “நிறைவாக” இருப்பதால் ஒதுங்கி நிற்கிறது என்று சொல்லிவந்தோம். அப்படியென்றால் நான்கில் ஒன்றை நீக்கியதும் அதே ஹீலியம் இணை பிணைந்துகொள்வது எப்படி? மூன்று எலக்ட்ரான் கொண்ட அந்த அயனி உண்மையாகவே உள்ளது. வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் நிறைவைக் கோரும் எண்ம விதியால் அதைப் பற்றி ஒரு சொல்லும் கூற முடியாது. பிணைப்பு ஆர்பிட்டாலில் இரண்டு, எதிர்ப்பிணைப்பில் ஒன்று என்ற எளிய கணக்கு அதை உடனே விளக்கிவிடுகிறது.

இவ்விடத்தில் நேர்மைக்காக ஒன்றைச் சேர்க்க வேண்டும். கருக்களுக்கிடையே எலக்ட்ரான் அடர்த்தி கூடுவதால் நிலைமின் ஆற்றல் இறங்குகிறது என்ற விளக்கமும் முழுமையானதன்று. 1962-இல் கிளாஸ் ரூடன்பெர்க் காட்டியபடி, எலக்ட்ரான் ஓர் அணுவின் எல்லையை விட்டு இரண்டு அணுக்களின் மேலும் பரவ முடிவதால் முதலில் அதன் இயக்க ஆற்றல் குறைகிறது. அந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொண்டே மேகம் கருக்களை நோக்கிச் சுருங்கி, கருக்களுடனான கவர்ச்சியைக் கூட்டிக்கொள்கிறது. பள்ளியில் இதைக் கற்பிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் பள்ளியில் சொல்வது, பின்னாளில் கல்லூரியில் கற்கும்போது ஆழப்படுத்தத் தக்கதாக இருக்க வேண்டும். அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டியதாக இருக்கக் கூடாது. “இரு கருக்களின் கூட்டு ஈர்ப்பில் எலக்ட்ரான் தாழ்ந்த ஆற்றல் நிலையை அடைகிறது” என்பது ஆழப்படுத்தத் தக்கது. “அணு எட்டை விரும்புகிறது” என்பதை அழிக்கத்தான் முடியும்.

“பகிர்தல்” என்ற சொல்லைப் பற்றியும் பேசியாக வேண்டும். தமிழில் பகு, பகிர், பங்கு, பகுதி ஆகிய சொற்களுக்குள் பிரித்துக் கொடுத்தல் என்ற பொருள் ஊன்றி நிற்கிறது. ஒரு பொருளை இருவர் பகிர்ந்தால் ஆளுக்குப் பாதி; ஒருவர் பங்கு கூடினால் மற்றவர் பங்கு குறையும். மாணவர் மனத்தில் இப்பொருளே முதலில் எழுகிறது. “ஆளுக்கு ஒரு எலக்ட்ரான்தானே பங்கு வரும், அப்புறம் எப்படி இரண்டையும் இரண்டு அணுக்களின் கணக்கிலும் சேர்க்கிறீர்கள்?” என்று அவர்கள் கேட்பது மொழியறிவால் எழும் நியாயமான கேள்வி. பங்கீட்டுவலுப் பிணைப்பு என்றும் ஒரு பெயர் வழக்கில் உண்டு. அதில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதலாகவே இருக்கிறது. சகப்பிணைப்பு என்ற பெயர் எனக்கு மிகப் பிடித்தது, ஏனெனில் “சக” என்ற முன்னொட்டு பிரித்தலைச் சொல்லாமல் உடனிருத்தலைச் சொல்கிறது. பெயரை இவ்வளவு நன்றாக வைத்துவிட்டு, விளக்கத்தில் பகிர்வு என்று எழுதிக் குழப்ப வேண்டாம். “இரு கருக்களுக்கும் பொதுவான எலக்ட்ரான்கள்” என்று எழுதினால் போதும். பொதுவானது என்றால் அது பாதியாவதில்லை. இருவர் கணக்கிலும் முழுதாக நிற்கும்.

எண்ம விதியின் வரலாற்றை அறிந்தால், அதை இன்று நாம் பயன்படுத்தும் முறைக்கு அதை வகுத்தவரே உடன்பட்டிருக்க மாட்டார் என்று தோன்றும். கில்பர்ட் லூயிஸ் 1902-இல், தொடக்கநிலை மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் முயற்சியில், அணுவைக் கனசதுரமாகவும் எலக்ட்ரான்களை அதன் எட்டு மூலைகளில் நிற்பவையாகவும் வரைந்து பார்த்தார். வேதியியலின் மாபெரும் கருத்துகளில் ஒன்று வகுப்பறைத் தேவையிலிருந்து பிறந்தது என்பதை ஆசிரியர்களாகிய நாம் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1916-இல், அணுக்கள் ஓர் எலக்ட்ரான் சோடியைப் பொதுவாகக் கொண்டு பிணைகின்றன என்ற கருத்தை அவர் வெளியிட்டார். இரண்டு கனசதுரங்கள் ஒரு விளிம்பைப் பொதுவாக்கினால் ஒற்றைப் பிணைப்பு, ஒரு முகத்தைப் பொதுவாக்கினால் இரட்டைப் பிணைப்பு. முப்பிணைப்பைக் கனசதுரத்தால் காட்ட முடியவில்லை. எனவே எலக்ட்ரான்கள் சோடிகளாகி நான்முகியின் மூலைகளில் நிற்பதாக அவரே படத்தை மாற்றினார். தன் படம் உண்மைக்குப் பொருந்தாதபோது படத்தை மாற்றியவர் அவர். எட்டு என்ற எண்ணைவிட இரண்டு என்ற எண்ணே அடிப்படையானது என்பதும் அவர் நிலைப்பாடு. அணுக்கரு கண்டறியப்பட்டு ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. சோடி ஏன் பிணைக்கிறது என்பதற்குக் காரணம் சொல்ல அன்று எவராலும் இயலாது. 1926-இல் எலக்ட்ரானின் நடத்தையை விவரிக்கும் அலைச் சமன்பாடு வந்தது. அடுத்த ஆண்டே வால்டர் ஹைட்லரும் ஃபிரிட்ஸ் லண்டனும் ஹைட்ரஜன் மூலக்கூற்றுக்கு அதைப் பயன்படுத்தி, பிணைப்பு இயற்பியல் விதிகளிலிருந்தே வெளிவருவதைக் காட்டினார்கள். காரணம் தெரிந்து ஏறத்தாழ நூறாண்டுகள் ஆகின்றன. நாம் இன்னும் காரணம் தெரியாத காலத்தின் எண்ணிக்கை விதியையே காரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நீங்கள் “விதிவிலக்குகள்” என்று பெட்டியிட்டு அச்சிடும் பகுதி எனக்கு எப்போதும் சங்கடம் தருவது. போரான் டிரைஃப்ளூரைடில் போரானைச் சுற்றி ஆறு எலக்ட்ரான்கள். கந்தக ஹெக்சாஃப்ளூரைடின் புள்ளி வாய்ப்பாட்டில் கந்தகத்தைச் சுற்றிப் பன்னிரண்டு. நைட்ரிக் ஆக்சைடில் இணைதிறன் எலக்ட்ரான்களின், அதாவது வெளிக்கூட்டு எலக்ட்ரான்களின், மொத்தமே பதினொன்று, அதை எப்படிப் பிரித்தாலும் எட்டும் எட்டும் ஆகாது. இவை எவையும் இயற்கைக்கு விலக்கல்ல. ஆற்றல் தாழ்வதுதான் விதி என்று முதலில் சொல்லியிருந்தால் இந்தப் பெட்டிக்கே தேவையிருக்காது. நாள்தோறும் நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனே பெட்டிக்குள் அடங்காது. இரட்டைப் பிணைப்பு, ஒவ்வோர் அணுவிலும் பிணைப்பில் சேராத இரண்டு எலக்ட்ரான் சோடிகள், எல்லாம் சோடி, எல்லாம் எட்டு என்று அதன் புள்ளி வாய்ப்பாடு அப்பழுக்கில்லாமல் இருக்கிறது. ஆனால் நீர்ம ஆக்சிஜனை வலிய காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே ஊற்றினால் அது கீழே விழாமல் அங்கேயே ஒட்டி நிற்கிறது; சோடி சேராத எலக்ட்ரான்கள் இருந்தாலன்றி இது நிகழாது. அத்தகைய இரண்டு எலக்ட்ரான்கள் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டால்களில் தனித்தனியே உள்ளன என்று மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கை வழியே 1929-இல் லென்னார்ட்-ஜோன்ஸ் விளக்கினார். எட்டைக் காட்டும் வாய்ப்பாட்டில் அவற்றுக்கு இடமே இல்லை.

எண்ம நிறைவைக் காரணமாகக் கொண்டதால் வேதியியலே சில பத்தாண்டுகளை இழந்தது என்பேன். ஹீலியம், செனான் முதலிய மந்த வாயுக்கள் நிறைவடைந்தவை, ஆகவே எதனோடும் சேரா என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது. 1962-இல் நீல் பார்ட்லெட் இந்த நம்பிக்கையின் பக்கம் பார்க்காமல் எண்களின் பக்கம் பார்த்தார். பிளாட்டினம் ஹெக்சாஃப்ளூரைடு ஆக்சிஜன் மூலக்கூற்றிலிருந்தே ஓர் எலக்ட்ரானைப் பறித்துவிடுவதை அவர் முன்னரே கண்டிருந்தார். செனானின் அயனியாக்கும் ஆற்றலும் (ஓர் எலக்ட்ரானைப் பறிக்கத் தேவையான ஆற்றல்) ஆக்சிஜன் மூலக்கூற்றின் அயனியாக்கும் ஆற்றலும் ஏறத்தாழ ஒன்றே என்பதைக் கவனித்தவர், அப்படியென்றால் செனானும் வினைபுரிய வேண்டும் என்று முடிவு செய்தார். பிளாட்டினம் ஹெக்சாஃப்ளூரைடின் செந்நிற ஆவியையும் நிறமற்ற செனானையும் கலந்தார். மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத் திண்மம் படிந்தது. அதே ஆண்டில் செனானும் ஃப்ளூரினும் சகப்பிணைப்பால் இணைந்த சேர்மங்களும் உருவாக்கப்பட்டன. ஆற்றலை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்துக்கும் எட்டை எண்ணிப் பார்க்கும் பழக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை மாணவருக்குக் காட்ட இதைவிட நல்ல வரலாறு எனக்குத் தெரியவில்லை. நம் நூல்களில் இது இடம்பெறும்போதும், மந்த வாயுச் சேர்மங்களின் தனிப்பாடத்தில், பிணைப்பு அத்தியாயத்தோடு தொடர்பே இல்லாமல் கிடக்கிறது.

இந்தத் தவறான அடித்தளத்தின்மேல் வேறு இரண்டு தவறுகள் வளர்கின்றன. அவை இன்னும் கேடானவை. முதலாவது, பிணைப்புக்குள் ஆற்றல் அடைபட்டிருக்கிறது, அதை உடைத்தால் ஆற்றல் வெளிவரும் என்ற எண்ணம். எரிபொருளைப் பற்றியும், உயிரணுக்களில் ஆற்றலைக் கடத்தும் ஏடிபி மூலக்கூற்றைப் பற்றியும் பேசும்போது நூல்களே இப்படி எழுதிவிடுகின்றன. பள்ளத்தின் படத்தைப் பார்த்த மாணவர் இதை நம்பமாட்டார். பள்ளத்திலிருந்து மேலேற ஆற்றல் செலவாகத்தான் வேண்டும். ஹைட்ரஜன் எரிந்து நீராவியாவதையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மோல் ஹைட்ரஜனைப் பிளக்க 872 கிலோஜூல், ஒரு மோல் ஆக்சிஜனைப் பிளக்க 498 கிலோஜூல், ஆகச் செலவு 1370. உருவாகும் இரண்டு மோல் நீரில் நான்கு மோல் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள். ஒன்றுக்குச் சராசரியாக 463 வீதம் வரவு 1852. மிஞ்சும் 482 கிலோஜூல்தான் சுடராக வெளிவருகிறது. அவ்வளவும் புதிய பிணைப்புகள் உருவானதால் வந்தது. பழையவற்றை உடைத்ததால் ஒரு ஜூலும் வரவில்லை. ஏடிபியிலும் இதே கணக்குத்தான்.

இரண்டாவது தவறு, சகப்பிணைப்புச் சேர்மங்களின் பண்புகள் என்ற தலைப்பில் வருகிறது: “சகப்பிணைப்பு வலிமை குறைந்தது, ஆகவே இச்சேர்மங்களின் உருகுநிலையும் கொதிநிலையும் குறைவு.” இதை எழுதியவர்கள் கொதிக்கும்போது எந்தப் பிணைப்பு அறுபடுகிறது என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்திருந்தால் போதும். ஒரு மோல் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 41 கிலோஜூல் போதும். அதே நீரின் பிணைப்புகளை அறுத்துத் தனி அணுக்களாக்க 926 கிலோஜூல் வேண்டும். கொதிநீரிலிருந்து எழுவது நீர் மூலக்கூறே ஒழிய ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அல்ல. தளர்வது மூலக்கூறுகளுக்கிடையே உள்ள கவர்ச்சி. மூலக்கூற்றுக்குள் உள்ள சகப்பிணைப்பு அசையவே இல்லை. ஈத்தேன் பூச்சியத்துக்குக் கீழே 89 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும் வாயு. வைரமோ மிகக் கடினமான பொருள்களில் ஒன்று. இரண்டிலும் கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பின் நீளம் ஏறத்தாழ அதே 154 பிகோமீட்டர். பிணைப்பு ஒன்றே, வைரத்தில் அது முடிவில்லாத வலையாகத் தொடர்கிறது, ஈத்தேனில் ஒரு சிறு மூலக்கூற்றோடு நின்றுவிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டால் அந்தத் தவறான வரி தானே உதிர்ந்துவிடும்.

அயனிப் பிணைப்பையும் சகப்பிணைப்பையும் நேரெதிராக நிறுத்தும் அட்டவணையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்க விரும்புகிறது என்கிறோம். அதைப் பறிக்க ஒரு மோலுக்கு 496 கிலோஜூல் செலவாகிறது, குளோரின் அதை ஏற்கும்போது கிடைப்பது 349 மட்டுமே. கொடுக்கல் வாங்கல் மட்டும் நடந்தால் நட்டம்தான். எதிரெதிர் அயனிகள் நெருங்கும்போது விடுபடும் ஆற்றலே அந்த நட்டத்தை ஈடுகட்டி மீதமும் தருகிறது. மறுபக்கம், பொதுவான எலக்ட்ரான்கள் எப்போதும் நட்டநடுவில் நிற்பதும் இல்லை. எலக்ட்ரான் கவர்தன்மை ஹைட்ரஜனுக்கு 2.20, குளோரினுக்கு 3.16, ஆகவே ஹைட்ரஜன் குளோரைடில் மேகம் குளோரின் பக்கம் சாய்கிறது. இந்தச் சாய்வின் அளவைக் காட்டும் இருமுனைத் திருப்புத்திறன் அளந்து கண்டபடி 1.08 டிபை (அதன் அலகு), எலக்ட்ரான் முழுதுமாகக் கைமாறியிருந்தால் ஏறத்தாழ 6.1 டிபை இருக்க வேண்டும். ஆறில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும் சாய்வு அது. சமமான பொதுமையிலிருந்து ஏறத்தாழ முழுமையான கைமாற்றம் வரை இடைவெளியின்றிச் செல்லும் ஒரே பாதையைத்தான் நாம் இரண்டு கட்டங்களாக வெட்டி வைத்திருக்கிறோம்.

ஆற்றல், ஆர்பிட்டால் எல்லாம் சிறு வயதினருக்குக் கடினம், விரும்புகிறது என்று சொன்னால் எளிதில் புரியும் என்று உங்களில் சிலர் கருதலாம். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் எதிரெதிர் மின்சுமைகள் கவரும் என்பதும், ஒத்தவை விலக்கும் என்பதும், உருளும் பந்து பள்ளத்தில் போய் நிற்கும் என்பதும் அவர்கள் அதற்கு முன்பே கற்றவை. அவை மூன்றும் போதும். எளிமைக்காக ஒரு பகுதியை மறைத்துவைப்பது முறைதான். எளிமைக்காக இல்லாத காரணத்தைக் கற்பிப்பது முறையாகாது. எண்ம விதியை முழுவதும் தூக்கி எறியவும் நான் சொல்லவில்லை. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃப்ளூரின் ஆகியவற்றின் எண்ணற்ற சேர்மங்களுக்குப் புள்ளி வாய்ப்பாடு வரைய அது அருமையான கருவி. இணைதிறன் கூட்டின் நான்கு ஆர்பிட்டால்களில் சோடிக்கு ஒன்றாக எட்டு எலக்ட்ரான்கள் அடங்குவதால்தான் அது அங்கே இவ்வளவு நன்றாகப் பலிக்கிறது. கருவியைக் கருவி என்றே பெயரிட்டுக் கொடுங்கள்.

அத்தியாயத்தில் நான் வேண்டும் வாசகம் இதுதான்: “இரண்டு அணுக்கள் நெருங்கும்போது, ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட எலக்ட்ரான்கள் இரு கருக்களாலும் ஒருசேர ஈர்க்கப்பட்டு இரண்டுக்கும் பொதுவாகின்றன. இதனால் மொத்த ஆற்றல், அணுக்கள் தனித்திருந்தபோது இருந்ததைவிடக் குறைகிறது. எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஆற்றல் வெளிவருகிறது. அணுக்களை மீண்டும் பிரிக்க அதே அளவு ஆற்றலைத் தர வேண்டும். இவ்வாறு உண்டாகும் பிணைப்பே சகப்பிணைப்பு. பெரும்பாலும் ஒரு பிணைப்புக்கு எதிரெதிர்த் தற்சுழற்சி கொண்ட இரண்டு எலக்ட்ரான்கள் பொதுவாகின்றன.” இதை அடுத்து ஆற்றல் பள்ளத்தின் படம், அதன்பின் ஹைட்ரஜன் மூலக்கூறு அயனி, பிறகு ஹைட்ரஜன் மூலக்கூறு, அதற்குப் பிறகே புள்ளி வாய்ப்பாடுகளும் எண்ம விதியும் என்ற வரிசை அமைய வேண்டும்.

வினாத்தாளும் மாறினால்தான் வகுப்பு மாறும். “அணுக்கள் ஏன் பிணைகின்றன?” என்ற வினாவுக்கு “எண்ம நிலையை அடைய” என்ற விடைக்கு முழு மதிப்பெண் தரும் விடைக்குறிப்பு இருக்கும்வரை, எந்த ஆசிரியர் எதை விளக்கினாலும் மாணவர் அந்த ஒரு வரியையே மனப்பாடம் செய்வார். அந்த வினாவுக்குப் பதிலாக, எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கியும் ஹைட்ரஜன் மூலக்கூறு ஏன் சிதறுவதில்லை என்று கேளுங்கள். திருத்திய அத்தியாயத்தின் வரைவு ஆயத்தமானால், அச்சுக்குப் போகும் முன் அதை என் வகுப்பில் நடத்திப் பார்த்து, மாணவர்கள் எங்கெங்கே தடுமாறினார்கள் என்று பக்கவாரியாக எழுதியனுப்ப நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

மிகுந்த மதிப்புடன்,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்